ஹாப்ஸன்-ஜாப்ஸன்: ஒரு விளையாட்டுச் சொல்லின் பிறப்பும் பொருளும்

ஓசைக்காகவே பிறந்த சொற்கள் எல்லா மொழிகளிலும் உள. தமிழில் 'புலி கிலி', 'காசு கீசு' எனப் பேச்சுவழக்கில் அடுக்கி வரும் எதிரொலிச் சொற்களை நாள்தோறும் கேட்கின்றோம். ஆங்கிலத்திலும் இவ்வாறு எதுகை நயம்பட இரட்டித்து வருவன மிகப் பல. 'ஹர்லி-பர்லி' என்றால் ஆரவாரம். 'ஹெல்ட்டர்-ஸ்கெல்ட்டர்' என்றால் முறைகெட்ட ஓட்டம். 'ஹோகஸ்-போகஸ்' என்றால் செப்படிவித்தைக்காரன் முணுமுணுக்கும் மந்திரம். இவற்றின் முதற்சொல் 'ஹ' என்னும் ஒலியோடு தொடங்க, இரண்டாவது சொல் முதலொலியை மாற்றிக்கொண்டு அதன் பின்னே ஓடிவரும். சிறுவர் விளையாட்டிலும் அங்காடிப் பேச்சிலும் படைவீரர் பாசறையிலும் வளர்ந்த சொற்கள் இவை. சொல்வோர்க்குக் களிப்பும் கேட்போர்க்கு நகையும் தருவன.

அவ்வகையைச் சார்ந்த ஒன்றே ஈண்டு நாம் ஆராயப் புகும் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'. முதன்முறை கேட்பவர் இதனை இரண்டு ஆங்கிலேயரின் பெயர் என்றே கொள்வர். அஃது இயல்பே. ஹாப்ஸன், ஜாப்ஸன் என்னும் இரண்டும் இங்கிலாந்தில் உண்மையாகவே வழங்கும் குடும்பப் பெயர்கள். 'ஹாப்' என்பது ராபர்ட் என்னும் பெயரின் பழைய செல்லச் சுருக்கம். அவன் மகன் 'ஹாப்ஸன்'. கேம்பிரிட்ஜ் நகரில் குதிரைகளை வாடகைக்கு விட்டு 1631-இல் மறைந்த தாமஸ் ஹாப்ஸன் என்பவர், வருவோர்க்கு வாயிலை அடுத்து நிற்கும் குதிரையையன்றி வேறொன்றைத் தாரார் என்றும், அதனாலேயே வேறு வழியற்ற நிலையை 'ஹாப்ஸன் தேர்வு' என்கின்றனர் என்றும் கூறுவர். ஆனால் நாம் ஆராயும் சொல்லுக்கும் அந்தக் குதிரைக்காரருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உண்மையில், இச்சொல்லினுள் ஆங்கிலேயர் எவருமே இல்லை. 'யா ஹஸன்! யா ஹுஸைன்!' என்று மார்பில் அறைந்துகொண்டு எழுப்பப்பட்ட புலம்பலே, ஆங்கிலச் சிப்பாயின் செவி வழியாகச் சென்று, அவன் நாவில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்று திரும்பி வந்தது.

ஹிஜ்ரி 61, முஹர்ரம் 10-ஆம் நாள், அஃதாவது கி.பி. 680-இல், கர்பலா வெளியில் நிகழ்ந்ததை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பேரர் இமாம் ஹுஸைன் (ரலி) அவர்கள், தண்ணீரும் மறுக்கப்பட்ட நிலையில், தம் குடும்பத்தாரும் தோழரும் ஆகிய சிறு குழுவினரோடு அங்கு உயிர்த்தியாகம் செய்தார்கள். அவர்களின் தமையனார் இமாம் ஹஸன் (ரலி) அவர்கள் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகட்கு முன்னரே மதீனாவில் மறைந்துவிட்டார்கள். இக்கால வேறுபாட்டை மாணவர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். காரணம் பின்னர் விளங்கும்.

ஐரோப்பியர் இப்புலம்பலை எவ்வாறெல்லாம் எழுதினர் என்பதை ஆண்டு முறைப்படி அடுக்கிப் பார்ப்பது சுவையும் பயனும் உடையது. 1618-இல் பாரசீகத்திலிருந்த பியெத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலியப் பயணி, பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவதைக் கண்டு, அவர்கள் பாட்டின் ஈற்றடியாக 'வாஹ் ஹுஸைன், ஷாஹ் ஹுஸைன்' என்று வருவதைக் குறித்தார். ஏறத்தாழச் சரியாகவே கேட்டிருக்கின்றார். 1653-ஐச் சார்ந்த பிரெஞ்சுப் பயணக்குறிப்பு ஒன்றிலும் 'ஹுஸன், ஹுஸைன்' என்னும் பெயர்கள் பெயர்களாகவே நிற்கின்றன. இருபது ஆண்டுகள் கழிகின்றன. கிழக்கிந்தியக் கும்பெனியின் மருத்துவரான ஜான் ஃபிரையர் 1673-ஆம் ஆண்டுச் செய்தியாக எழுதுமிடத்து, அது 'ஹொஸ்ஸீன் கொஸ்ஸீன்' ஆகிவிடுகின்றது. அவரே மற்றோரிடத்தில் 'ஹொஸ்ஸி கொஸ்ஸி' என்றும் எழுதுகின்றார். இங்கே இரண்டு பெயர்களும் மறைந்து, ஓசையின் ஆட்டம் தொடங்கிவிட்டதைக் காண்கின்றோம். பழைய சென்னையின் ஆவணங்களைத் தொகுத்த வீலரின் நூலில் 1720-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றைக் கூறுமிடத்து 'ஹொஸைன் ஜொஸன்' என வருகின்றது. 'ஜ' என்னும் எழுத்து உள்ளே புகுந்துவிட்டது. 1726-இல் டச்சுக்காரரான வாலந்தைன், தம் நாட்டார் அந்தப் பத்து நாள்களை 'யாக்ஸம் பாக்ஸம்' என்று அழைப்பதாக எழுதினார். டச்சு நாவும் எதுகையையே தேடியது போலும்!

அடுத்த சான்று நம் மண்ணைச் சார்ந்தது. 1751-இல் கிளைவ் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகையிடப்பட்டிருந்தபோது, சந்தா சாகிபின் மகன் ரசா சாகிப் நவம்பர் 14-ஆம் நாள் இறுதித் தாக்குதலைத் தொடுத்தார். அது முஹர்ரத்தின் முதற் பத்து நாள்களுள் அமைந்தது. இதனை எழுதிய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம், 1763-இல் வெளிவந்த தம் நூலில், 'ஹஸைன், ஜஸைன்' என்னும் உடன்பிறந்தார் இருவரின் கொலையை நினைவுகூரும் திருநாள் அது என்கின்றார். பெயரைச் சரியாகக் கேளாதவர், வரலாற்றையும் சரியாகக் கேட்டாரில்லை. வெவ்வேறு ஆண்டில், வெவ்வேறு ஊரில் மறைந்த இருவர், ஓசை இரட்டித்தமையால் ஒரே நாளில் ஒரே களத்தில் மாண்ட இரட்டையர் போல ஆகிவிட்டனர். முன்னர் வந்த ஃபிரையரும் அவர்களை நற்பேறற்ற இரு வீரர் என்றே கருதினார். எதுகை வரலாற்றைத் திருத்தி எழுதிய விந்தை இது.

இறுதியாக, 1829-இல் 'ஓரியண்டல் ஸ்போர்ட்டிங் மாகஸின்' என்னும் இதழில், கல்லாத ஆங்கிலேயன் ஒருவனின் கொச்சைப் பேச்சாக எழுதப்பட்ட பகுதியில், 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' முழு உருவத்தோடு வெளிப்படுகின்றது. தாஸியா எனப்படும் கல்லறை வடிவத்தை அவன் காகிதப் பெட்டி என்கின்றான். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றது, ஆனால் வெடியும் எக்காளமும் 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்ற கூச்சலும்தான் தாங்க முடியவில்லை என்பது அவன் முறையீடு.

இம்மாற்றத்தின் ஒலியியல் எளிது. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுள் 'ஸன்' என்று முடிவன எண்ணற்றவை. ஜான்ஸன், ராபின்ஸன், தாம்ஸன் எனக் கேட்டுப் பழகிய செவிக்கு 'ஹஸன்' என்பதன் ஈறு தன் வீட்டுச் சொல்லாகவே பட்டது. விளிச்சொல்லாகிய 'யா' என்பதன் யகரம் ஜகரமாயிற்று. 'ஹ' முன்னும் வேறொரு மெய் பின்னுமாக இரட்டிக்கும் பழைய அச்சு ஆயத்தமாகவே இருந்தது. அந்த அச்சில் வார்த்தெடுத்ததுதான் இச்சொல். காக்கசஸ் மலைநாட்டில் 'ஷாஹ் ஹுஸைன், வாஹ் ஹுஸைன்' என்பது 'ஷாக்ஸெய்-வாக்ஸெய்' எனத் திரிந்து, அந்தத் துக்கச் சடங்கின் பெயராகவே வழங்குகின்றது. ஆகவே திரிதல் மட்டுமே இழிவன்று. அங்கே திரிந்த பின்னும் அச்சொல் துக்கத்தையே குறித்தது. ஆங்கிலத்தில் குறித்தது வேறு.

என்ன குறித்தது? உள்நாட்டார் நடத்தும் ஆரவாரமான விழா, ஒரு தமாஷா, சிறப்பாக முஹர்ரம் ஊர்வலம் — இதுவே அகராதி தரும் பொருள். அழுகை கூத்தாயிற்று. ஊர்வலப் பாதையின் ஓரத்தில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு அந்த மொழி தெரியாது. அந்த நாள் தெரியாது. எவர் பொருட்டு இவர்கள் அழுகின்றனர் என்பதும் தெரியாது. அவன் கண்டது தீவட்டி, முரசு, கூட்டம். அவனை நாம் பெரிதும் பழிக்க வேண்டுவதில்லை. ஆனால் கற்றவர் இதனை ஏட்டில் எழுதிச் சிரித்தபோது, ஒருவரேனும் அருகில் நின்றவரைப் பொருள் கேட்டிருக்கலாம் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இனி, இச்சொல்லுக்கு நிலைபேறு தந்த நூலைக் காண்போம். 1886-இல் இலண்டனில் ஜான் மர்ரே பதிப்பகத்தார் ஒரு சொற்களஞ்சியத்தை வெளியிட்டனர். இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர் பேச்சில் கலந்த கீழைநாட்டுச் சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றன் பிறப்பையும் பழைய நூல்களிலிருந்து ஆண்டுவாரியான மேற்கோள்களோடு காட்டும் பெருநூல் அது. அதன் பெயர் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்'. ஆசிரியர் இருவர். ஒருவர் கர்னல் ஹென்றி யூல்; வங்காளப் பொறியாளர் படையில் பணியாற்றி, மார்க்கோ போலோவின் பயண நூலைப் பதிப்பித்துப் புகழ் பெற்றவர். மற்றவர் ஆர்தர் பர்னெல். சென்னை மாகாண ஆட்சிப் பணியாளர், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஒருவரும் தமிழகத்தில் மற்றவருமாக இருந்துகொண்டு, கடிதங்கள் வாயிலாகவே இவ்விருவரும் இந்நூலை வளர்த்தனர். பர்னெல் 1882-இல் தம் 42-ஆம் வயதில் மறைந்தார். அச்சான நூலைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. 1903-இல் வில்லியம் குரூக் இதனை விரித்து இரண்டாம் பதிப்பாக்கினார். ஆக்ஸ்போர்டு பேரகராதியில் இந்நூலின் சான்றுகள் பலவிடத்தும் எடுத்தாளப்பட்டுள்ளன.

இப்பெயரை ஏன் தேர்ந்தனர் என்பதற்கு யூல் முன்னுரையிலேயே விடை தருகின்றார். வெறுமனே 'சொற்களஞ்சியம்' என்றால் வாங்குவார் இரார். மேலும், கீழைநாட்டுச் சொல் ஆங்கில உருவில் முழுதும் கரைந்துபோனமைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. அன்றியும் ஓசையில் இரட்டையான பெயர், ஆசிரியர் இருவர் என்பதையும் மறைமுகமாக உணர்த்தும். ஒரு மக்களின் ஒப்பாரி, நூல் விற்பனைக்கான வேடிக்கைத் தலைப்பாயிற்று என்று இதனைக் கூறலாம். அவ்வாறு கூறுவது தவறாகாது. ஆயினும் முழு உண்மையும் ஆகாது. ஏனெனில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் பதிவினுள், இது 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்பதன் திரிபே என்று ஐயத்திற்கிடமின்றி நிறுவியவர்களும் இவர்களே. மேலே நாம் அடுக்கிக் காட்டிய சான்றுகளின் வரிசை அவர்கள் தொகுத்தளித்ததே. அவை இல்லாதிருந்தால் பிற்காலத்தார் யாரோ ஹாப்ஸன் என்றும் ஜாப்ஸன் என்றும் இரு வணிகர் வாழ்ந்ததாகக் கதை புனைந்திருப்பர்.

சொற்பிறப்பு ஆராயும் மாணவர்கள் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். மேலே சுட்டிய 'ஹோகஸ்-போகஸ்' என்பது கத்தோலிக்கத் திருப்பலியில் வரும் இலத்தீன் வாசகத்தின் கேலித் திரிபாகலாம் என்று தில்லட்ஸன் பேராயர் 1694-இல் கூறினார். கேட்க இனிய கருத்துதான். எனினும் வாசகத்திலிருந்து மந்திரம் வரையிலான இடைப்பட்ட வடிவங்களைக் காட்டுதற்கு இல்லாமையால், அஃது இன்றளவும் ஊகமாகவே நிற்கின்றது. 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்பதோ 1618 முதல் 1829 வரை படிப்படியாகக் காட்டப்பெறுவது. ஒலியொப்புமை ஒன்றையே துணைக்கொண்டு உலகச் சொற்களையெல்லாம் ஒரே மூலத்திற் கொண்டுபோய் நிறுத்தும் ஆராய்ச்சிகள் நம்மிடையே மலிந்திருப்பதால் இதனைச் சொல்லி வைக்கின்றோம்.

பின்னர் இப்பெயர் மொழியியலிலும் புகுந்தது. 1898-இல் ஆஸ்திரேலிய ஆங்கிலத்திற்கு அகராதி கண்ட பேராசிரியர் மாரிஸ், அயற்சொல்லைத் தாய்மொழிச் சொல்போலத் தோன்றுமாறு மாற்றிக்கொள்ளும் இயல்புக்கு 'ஹாப்ஸன்-ஜாப்ஸன் விதி' என்றே பெயரிட்டு வழங்கினார். நியூசிலாந்தின் மவோரி மக்கள் 'பிரிபிரி' என்னும் ஒட்டுச்செடியை ஆங்கிலேயர் 'பிடிபிடி' ஆக்கிக்கொண்டது போன்றவை இவ்விதியின்பாற்படும். இந்தியாவில் இவ்விதி ஆடிய ஆட்டம் கொஞ்சமன்று. வங்காள நவாப் சிராஜுத்தவுலா 'சர் ராஜர் டவுலர்' ஆனார். இளவரசரைக் குறிக்கும் யுவராஜா 'அப்பர் ராஜர்' ஆனார். ரமஸானி என்னும் இஸ்லாமியப் பெயர் 'ரம்-ஜானி' எனத் திரிந்து, கல்கத்தாத் துறைமுகத்தில் வேலை தேடி நிற்கும் ஏவலரைக் குறித்ததென்பர். நோன்பு மாதத்தின் பெயரில் மது வந்து கலந்த கொடுமையை எண்ணிப் பாருங்கள்! நம் கணக்கப்பிள்ளை 'கானிகாபொலி' ஆனதும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆகி இலண்டன் உணவு மேசையில் ஏறியதும் இந்நூலிற் காணத்தக்கன. கட்டுமரமும் சுருட்டும் ஓரளவு முகம் தெரியுமாறு பிழைத்தன.

ஆங்கிலேயரை மட்டும் இவ்வாறு கூறிச் செல்வது நடுவுநிலைமை ஆகாது. தமிழ் நாவும் இதனையே செய்துள்ளது. சென்னையில் ஹாமில்டன் பெயரால் அமைந்த பாலம், மக்கள் வாயில் 'அம்பட்டன் வாராவதி' ஆகி, அதுவே மீண்டும் ஆங்கிலத்தில் 'பார்பர்ஸ் பிரிட்ஜ்' என மொழிபெயர்ந்ததாகக் கூறப்படும் செய்தி பலரும் அறிந்ததே. ஆயினும் தமிழில் இதற்கு ஓர் இலக்கணம் இருந்தது. வடசொல் தமிழில் வருங்கால் வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தி வர வேண்டும் என்று தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தார். நன்னூலார் அதனை விரித்தார். 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' நூலின் ஆசிரியருள் ஒருவரான பர்னெல், 1875-இல் வெளியிட்ட ஐந்திர இலக்கண மரபு பற்றிய நூலில் தொல்காப்பியத்தை ஆராய்ந்தவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழின் கடன்சொல் விதியையும் தம் நாட்டுச் சிப்பாயின் கடன்சொல் வழக்கையும் ஒருங்கே அறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

அரபுச் சொற்கள் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். 'உமர்' என்னும் பெயர் குற்றியலுகரம் ஏற்று 'உமறு' ஆயிற்று. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரே அதற்குச் சான்று. உதுமான், இறசூல் என்பனவும் அவ்வாறே தமிழ் உடை உடுத்தன. ஹகரம் நீங்கி ஹஸன் 'அசன்' ஆனார்; ஹுஸைன் 'உசேன்' ஆனார். இவற்றினும் பெருந்திரிபு ஒன்றுண்டு. கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிர் அவர்களின் பெயர் 'சீதக்காதி' என்றாயிற்று. ஒலியளவில் நோக்கினால், ஹஸன் ஹாப்ஸன் ஆனதினும் இது தொலைதூரம் சென்ற திரிபு! எனினும் செத்தும் கொடுத்தவர் என்று அவரைப் போற்றும் தமிழர் எவரும் அப்பெயரைச் சொல்லிச் சிரிப்பதில்லை. சொல் உருமாறியது, அதற்குரிய மதிப்பு மாறவில்லை.

இதற்கு மறுதலையான முயற்சியையும் தமிழ் முஸ்லிம்கள் செய்தனர். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழில், அரபியில் இல்லாத டகரம், ணகரம், ழகரம் முதலிய ஒலிகளைக் கைவிடாமல், அரபு எழுத்துகளின்மேல் புள்ளிகளும் குறிகளும் இட்டுப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். தம் வசதிக்காகச் சொல்லை வளைக்காமல், சொல்லுக்காக எழுத்தை வளைத்தனர். ஒலிபெயர்ப்பு பற்றி இன்று பேசும் மொழியியலார் இவ்வரலாற்றைப் போதிய அளவு கருதுவதில்லை என்பது எம் குறை.

முஹர்ரம் நிகழ்ச்சிகள் பற்றி நம்மிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதை யாம் அறிவோம். தமிழக முஸ்லிம்களிற் பெரும்பாலோர் ஆஷூரா நாளில் நோன்பு நோற்பதோடு அமைவர். ஊர்வலத்தை ஏற்காத உலமாக்கள் பலர். சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளிவாசலில் ஷியா முஸ்லிம்கள் கூடித் துக்கம் காக்கின்றனர். தஞ்சை வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் இந்துக்களும் 'அல்லாசாமி' என்று பஞ்சா எடுக்கும் வழக்கம் உண்டு. இந்தியாவில் இந்நிகழ்ச்சிகள் ஷியாக்களோடு மட்டும் நிற்பன அல்ல என்பதை யூலும் பர்னெலும் அன்றே குறித்துள்ளனர். எப்பிரிவினராயினும், எம்மதத்தினராயினும், அந்த இரு பெயர்களை வேடிக்கைக்காகச் சொல்லுவார் இங்கு இலர்.

இன்று ஆங்கிலேயர் பேச்சில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் சொல் வழக்கொழிந்தது. வழக்கிறந்துவிட்டதென்றே யூலும் முதலில் கருதியிருந்தார்; பின்னர், பஞ்சாபிலிருந்த சிப்பாய்களிடையே பன்முறை கேட்டதாக நண்பர் ஒருவர் கூறியதால் திருத்திக்கொண்டார். இப்பொழுது அது நூலின் பெயராகவும் விதியின் பெயராகவுமே எஞ்சியுள்ளது. சல்மான் ருஷ்டி 1985-இல் இந்நூல் பற்றிக் கட்டுரை எழுதினார். 1995-இல் மேடையேறிய டாம் ஸ்டாப்பர்டின் நாடகமொன்றில், இந்நூற் சொற்களை அடுக்கி இருவர் போட்டியிடும் காட்சி வருகின்றது. விளையாட்டு இன்னும் முடியவில்லை.

ஆனால் ஹுஸைன் (ரலி) அவர்களின் பெயர் கடல் கடந்து பெற்ற மற்றோர் உருவமும் உண்டு. கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மேற்கிந்தியத் தீவாகிய டிரினிடாடுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டார், கரும்புத் தோட்டங்களிடையே முஹர்ரம் எடுத்தனர். முஸ்லிம்களோடு இந்துக்களும் அதிற் கலந்துகொண்டனர். அங்கு அதன் பெயர் 'ஹோஸே'. 1884-இல் ஆங்கில அரசு, ஊர்வலங்கள் நகருக்குள் வரலாகாதெனத் தடை விதித்தது. அக்டோபர் 30-ஆம் நாள் சான் பெர்னாண்டோ நகரின் எல்லையில், தாஸியாக்களைச் சுமந்து வந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. பலர் மாண்டனர். இலண்டனில் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அச்சேறி வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்தது இது. அத்தீவின் செயின்ட் ஜேம்ஸிலும் சீத்ரோஸிலும் ஹோஸே இன்றும் ஆண்டுதோறும் எடுக்கப்படுகின்றது.